இருபத்தேழாவது டிஸ்க்

நவம்பர் 4, திங்கள்

இந்த டைரி டயர் கடையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் எங்கள் மேலாளர் ரெங்கன் சார். "விசாரணை முடியுற வரைக்கும் தினமும் என்ன வேலை பாத்தீங்கன்னு எழுதி வைங்க தமயந்தி. நாளப்பின்ன ஒருத்தரும் உங்களக் கேள்வி கேக்கக் கூடாது" என்றார். அதை ஆபீஸ் நோட்டில் தனியாக எழுதுகிறேன். இது எனக்கு.

என் வேலையை விளக்கி வீட்டில் நான் ஜெயித்ததே இல்லை. இவர் இன்னமும் சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்றுதான் சொல்கிறார். அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. 'உயிர்த்துணை' என்ற தனியார் ஆம்புலன்ஸ் சேவைக்கு நான்கு மாவட்டங்களிலிருந்து வருகிற போன் பேச்செல்லாம் பதிவாகும். அதைப் பத்திரமாக வைத்திருப்பது மதுரையில் இருக்கும் எங்கள் ஆபீஸின் வேலை. பதிவுகள் டிஸ்க்குகளில் இருக்கும். டிஸ்க்குகள் ஒரு மெஷினில் மாட்டியிருக்கும். அந்த மெஷின் மும்பையில் ஒரு கிளவுட் கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறதாம், நான் பார்த்ததில்லை. மாட்டுவது, கழற்றுவது எல்லாம் திரையில் ஒரு பட்டன்தான்.

ஒரு மெஷினில் மொத்தம் இருபத்தெட்டு இடம். நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று போனால் டிஸ்க்குக்கு இருபத்தேழு. அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது. டவுன் பஸ் மாதிரி படியில் தொங்க வழியில்லை.

இன்று டிசம்பருக்கான புது டிஸ்க்கை மாட்டப் போனேன். பட்டியலில் இருபத்தாறு டிஸ்க்குகள் இருந்தன. ஓர் இடம் காலி. பட்டனை அழுத்தினேன். வரம்பு நிறைந்துவிட்டது, இடமில்லை என்று பதில் வந்தது. திரும்ப எண்ணினேன். இருபத்தாறு. திரையில் விரலை வைத்து எண்ணினேன். இருபத்தாறு.

நான் பருப்பு டப்பாவுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டுகிறவள். எனக்கு எண்ணத் தெரியும்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றும் இடமில்லை. தீபாவளி முறுக்கு தீர்ந்தது.

நவம்பர் 6, புதன்

விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. நான் சாட்சி.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதம் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தில் மேகலா என்ற பெண்ணைப் பாம்பு கடித்தது. இருபத்திரண்டு வயது. தனியாக இருந்திருக்கிறாள். உயிர்த்துணைக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆம்புலன்ஸ் போகவில்லை, அவள் இறந்துவிட்டாள். லைன் பதினொரு நிமிடம் திறந்திருந்தது என்று போன் கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். மறுமுனையில் யாரும் பேசவே இல்லை, அது 'பிளாங்க் கால்' என்று உயிர்த்துணை சொல்கிறது. பேசாத போனுக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். அவளுடைய அப்பா பால்சாமி ஆகஸ்டில் மனு கொடுத்தார். என் மகள் பேசாமல் இருந்திருக்க மாட்டாள், பதிவைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். தேடிப் பார்த்தால் ஏப்ரல் டிஸ்க்கே இல்லை.

அது எப்படிப் போகும் என்றால், எங்களிடம் ஒரு புரோகிராம் இருக்கிறது. எந்த மெஷினிலும் மாட்டாமல் முப்பது நாள் கிடக்கிற டிஸ்க்கை அதுவாகவே நகலோடு சேர்த்து அழித்துவிடும். ஆபீஸில் அதற்கு விளக்குமாறு என்று பெயர். மெஷினில் இடமில்லாதபோது எழுதி நிறைந்துவிட்ட டிஸ்க் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவோம். கழற்றியதன் மேல் 'வைத்திரு' என்று ஒரு குறி போட வேண்டும். போட்டால் விளக்குமாறு தொடாது. ஜூன் 12 அன்று ஏப்ரல் டிஸ்க்கைக் கழற்றியவர் குறி போடவில்லை. ஜூலை 12 அன்று விளக்குமாறு தன் வேலையைப் பார்த்துவிட்டது.

யார், எப்போது, என்ன செய்தார் என்று தானாகப் பதிவாகும் லாக்கில் கழற்றியவர் பெயர் மரியசூசை என்று இருக்கிறது. மரியசூசை அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. நான் சேரும்போது எனக்கு வேலை சொல்லிக் கொடுத்து உட்கார வைத்தவர்களில் ஒருவர். ஆதாரத்தை வேண்டுமென்றே அழித்தார் என்று சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள். விசாரணையிலும் அப்படியே முடிவானால் போலீஸில் கொடுக்கப் போகிறார்கள். இந்த வயதில் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும்.

லாக்கில் அவர் பெயர்தான் இருக்கிறது. லாக்கை நான் எழுதவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

கிளவுட் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருந்தேன். இருபத்தாறுதானே மாட்டியிருக்கிறது, ஏன் இடமில்லை என்கிறீர்கள் என்று. பதில் வந்தது. எங்கள் பக்கம் இருபத்தேழு காட்டுகிறது என்றார்கள். அந்த இருபத்தேழாவதின் எண்ணைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். நீளமான எண். எங்கள் பதிவேட்டில் போட்டுத் தேடினேன்.

ஏப்ரல் டிஸ்க்.

இது ஜூலையிலேயே அழிக்கப்பட்டதே என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "தாங்கள் சொல்வது சரி. இந்த எண்ணில் எங்களிடம் டிஸ்க் எதுவும் இல்லை. ஆனால் அது தங்கள் மெஷினில் மாட்டப்பட்டிருக்கிறது. வேறு ஏதேனும் உதவி தேவையா?" கீழே எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நாலு கொடுத்தேன்.

ரெங்கன் சாரிடம் காட்டினேன். "அவன் பக்கம் ஏதாவது பக் இருக்கும். விடுங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்த மெயிலை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. விசாரணை நேரம்" என்றார்.

நவம்பர் 9, சனி

லீவு. இரண்டு நடை துணி துவைத்தேன். மத்தியானம் வடைக்கு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு பூவாக நரம்பெடுக்கிற வேலை, கை பாட்டுக்கு ஓடும். இவர் வாசலில் வந்து நின்றார்.

"யார்ட்ட பேசிக்கிட்டிருக்க?"

"யார்ட்டயும் இல்லையே."

"லைன்லதான் இருக்கேன், லைன்லதான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்த. நாலஞ்சு தடவ."

என் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்றேன். அவர் ஹாலுக்குத் திரும்பிப் போய்விட்டார். அவருக்கு என் குரல் தெரியாதா என்ன, பதினாறு வருடம் ஆகிறது. குனிந்து பார்த்தால் பூவெல்லாம் கறுத்துக் கிடந்தது. மோரில் போட மறந்திருக்கிறேன். வடை சுடவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மெஷின் எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்று காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. தினமும் பார்ப்பது என் வேலை. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் படித்த அளவைக் கூட்டி, மெஷின் சொல்லும் மொத்தத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். இன்று ஒப்பிட்டேன். நாள் முழுக்கச் சரியாக இருக்கிறது. மத்தியானம் 1:40-க்கு மட்டும் மொத்தம் கூடுதலாகிறது. இருபத்தாறில் எதுவும் படிக்கப்படவில்லை, ஆனால் மெஷின் எதையோ படித்துக்கொண்டிருக்கிறது. 1:51-க்கு நிற்கிறது.

நேற்றையதைப் பார்த்தேன். 1:40. முந்தாநாள், சனிக்கிழமை, 1:40. பின்னாடி போய்க்கொண்டே இருந்தேன். ஜூலை 12 வரைக்கும் இருக்கிறது. ஒரு நாள் தவறவில்லை, ஞாயிறு, தீபாவளி உட்பட.

மேகலா போன் போட்டது பிற்பகல் 1:40. மனுவில் இருக்கிறது.

ஏசி அதிகம் என்று செக்யூரிட்டியிடம் சொல்லிக் குறைக்க வைத்தேன். மற்றவர்கள் எல்லாம் புழுங்குகிறது என்று முணுமுணுத்தார்கள்.

நவம்பர் 13, புதன்

நவம்பர் டிஸ்க் 23-ஆம் தேதியோடு நிறைந்துவிடும். அதற்குள் புதியதை மாட்டாவிட்டால் வருகிற போன்கள் பதிவாகாது. மெஷினில்தான் கோளாறு, புது மெஷின் போட்டு எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள் என்றார் ரெங்கன் சார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பழைய மெஷினோடு அது ஒழியட்டும்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். புது மெஷின், நேற்றுத்தான் பிறந்தது, அதில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு டிஸ்க்காகப் பழையதில் கழற்றிப் புதியதில் மாட்டினேன். ஒன்றைக் கழற்றி அது பத்திரமாக மாட்டியாகிவிட்டது என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. இருபத்தாறும் ஏறின. பழைய மெஷினை அழித்தேன். அது போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டேன்.

புதியதில் டிசம்பர் டிஸ்க்கை மாட்டப் போனேன். இடமில்லை.

எழுதிக் கேட்டேன். இருபத்தேழு என்றார்கள். அதே எண்ணைக் கொடுத்தார்கள்.

அதை நான் மாற்றவில்லை. அது தானாக வந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் வீடு மாறியபோது, கூப்பிடாமலே சாமான் வண்டியில் ஏறிக்கொண்டு வந்த மாதிரி. ரெங்கன் சார் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சாப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

நவம்பர் 14, வியாழன்

1:40-க்கு நானும் சாப்பிடக் கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

நவம்பர் 15, வெள்ளி

பால்சாமி ஆபீஸுக்கு வந்திருந்தார். கீழே வரவேற்பில் உட்கார வைத்திருந்தார்கள். ரெங்கன் சார் பார்க்க மறுத்துவிட்டார், 22-ஆம் தேதி வரச் சொல்லுங்கள் என்று என்னை அனுப்பினார். அந்த மாதிரி வேலைக்கெல்லாம் நான்தான்.

ஒல்லியான ஆள். சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மனுவின் நகல். நான் தேதியைச் சொன்னேன். தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

"தாயி, நீங்க அந்தப் பதிவு வக்கிற எடத்துலதான் வேல பாக்குறீகளா?"

"ஆமாங்கய்யா."

"எனக்கு நட்டஈடு வேணாம். அந்தப் பெரியவர உள்ள வச்சு எனக்கு என்ன ஆகப்போகுது. ஊர்ல என்ன சொல்றாகன்னா, புள்ள போனப் போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கு, பேசியிருந்தா வண்டி வந்திருக்கும்னு சொல்றாக. அதச் சொல்லிச் சொல்லி எம் பொண்டாட்டி படுத்துட்டா." சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "அவ பேசுனாளா இல்லையான்னு ஒருத்தராவது கேட்டிருப்பாகளா? பதிவுன்னா, வக்கிறதுக்கு முன்னாடி யாரும் கேட்டுப் பாக்க மாட்டீகளா?"

அப்படி வழக்கம் இல்லை என்றேன்.

வழக்கம் உண்டு. கழற்றுவதற்கு முன்னால் ஒரு ஃபைலைத் திறந்து கேட்டுப் பார்ப்போம், டிஸ்க் நல்லபடியாக இருக்கிறதா என்று. இருப்பதிலேயே நீளமானதைத்தான் எடுப்போம். கோளாறு இருந்தால் நீளமானதில்தான் தெரியும். ஆனால் அவர் பொதுவாகக் கேட்டார், நான் பொதுவாகப் பதில் சொன்னேன்.

லிஃப்டில் ஏறி வேறு மாடியில் இறங்கிவிட்டேன். காலையில் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

கறி வாங்கப் போனவள் பஸ் ஏறித் திண்டுக்கல் போய்விட்டேன். ஏன் போனேன் என்று எழுதத் தெரியவில்லை. மரியசூசை அண்ணன் வீடு கோயில் தெருவுக்குப் பின்னால். பூசை முடிந்து வந்த வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. அண்ணி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"வாம்மா தமயந்தி. சாட்சின்னு ஒன் பேரு போட்ருக்காங்க, பாத்தேன்."

"ஆமாண்ணே."

"கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பயப்படாத." அவர் எனக்குத் தைரியம் சொல்கிறார். "நான் அன்னிக்கு ஒண்ணரைக்குச் சாப்பிடப் போயிட்டேன். அது எனக்குத் தெரியும். ஸ்க்ரீன அப்படியே தொறந்து போட்டுட்டுத்தான் போனேன். நம்ம எல்லாரும் அப்படித்தான போவோம்? புதுசா லாகின் பண்ணணும்னா போனுக்குக் கோடு நம்பர் வரணும், அது வந்து சேர்றதுக்குள்ள வயசாயிரும். யார் ஸ்க்ரீன் தொறந்து கெடக்கோ அதுல வேலைய முடிச்சிருவோம். பத்து வருசமா நடக்குறதுதான. அத விசாரணையில சொன்னா எல்லார் தலையும் உருளும்."

"யாரு உக்காந்தாங்கன்னு தெரியுமாண்ணே?"

அவர் காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "திரும்பி வந்தப்ப நாற்காலி ஒசத்தி வச்சிருந்துச்சு. கால் தரையில எட்டல எனக்கு. குள்ளமான ஆளு யாரோ. அத வச்சு ஒருத்தர் பேர நான் எப்படிச் சொல்றது? நெசமில்லாமப் போச்சுன்னா அது பாவம்ல."

எங்கள் ஆபீஸில் என்னைவிடக் குள்ளமானவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வெயில். கறி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன், இவர் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நவம்பர் 18, திங்கள்

ரெங்கன் சார் பொறுமை இழந்துவிட்டார். "ரெண்டு வருசத்துக்கு முந்துன டிஸ்க் எதையாவது கழட்டுங்க. அந்த எடத்துல டிசம்பர மாட்டுங்க. இதுல என்ன இருக்கு?"

"நான் எதையும் கழட்ட மாட்டேன் சார்."

"ஏன்?"

"விசாரணை நடக்குது. அந்த நேரத்துல கழட்டுனா நல்லாருக்காது."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரே உட்கார்ந்து ஒன்றைக் கழற்றினார். பட்டியலில் இருபத்தைந்து ஆனது. டிசம்பரை மாட்டினார். இடமில்லை. சரி, கழற்றியதையாவது திரும்ப மாட்டுவோம் என்று பார்த்தார். அதற்கும் இடமில்லை. கிளவுட் கம்பெனியிடம் கேட்டால் இப்போதும் இருபத்தேழு என்கிறார்கள். இருபத்தைந்துக்கு எண் கொடுத்தார்கள். மீதி இரண்டுக்கும் கொடுத்தது ஒரே எண்.

அது இடத்தை விரித்துக்கொண்டு உட்கார்கிறது.

ரெங்கன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தமயந்தி, ஒங்களுக்கு இதுல ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் கழற்றிப் போட்ட டிஸ்க் அநாதையாகக் கிடந்தது. இந்தத் தடவை முதல் வேலையாக அதன் மேல் 'வைத்திரு' குறியைப் போட்டேன். போட்டதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

மெஷினுக்குள் போய்ப் பார்த்தால் பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் தெரிகிறது. அளவு பூஜ்யம் என்று காட்டுகிறது. பூஜ்யம் அளவுள்ள டிஸ்க்கில் எதையும் வைக்க முடியாது.

1:35-க்கு இயர்போனை மாட்டிக்கொண்டேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். 1:40-க்கு அந்தப் பெயரைப் பிளேயரில் கொடுத்தேன்.

முதலில் இரைச்சல். பிறகு உயிர்த்துணையின் வீணை இசை, காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போடுவார்களே, அது. அந்த இசைக்கு அடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள். பேச வாயெடுக்கிறார்கள்.

இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். மிச்சம் எனக்குத் தெரியும்.

1:51 வரைக்கும் அந்த இயர்போன் மேஜைமேல் கிடந்து மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. வார்த்தை எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்து போகவும் இல்லை.

நவம்பர் 20, புதன்

ஆபீஸ் நோட்டில் இன்று எழுதியது: வழக்கமான பணிகள்.

நவம்பர் 21, வியாழன்

நாளை விசாரணை. ரெங்கன் சார் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மூன்று கேள்விதான் கேட்பார்கள். லாக் நம்பகமானதா? ஆம். அதில் யார் பெயர் இருக்கிறது? மரியசூசை. அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது.

நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். ஆகஸ்டில் லாக்கை எடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்வதென்றால் முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. இப்போது நூறு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

நவம்பர் 22, வெள்ளி

டிசம்பர் டிஸ்க் ஏறிவிட்டது. தானாக முயன்றுகொண்டே இருக்கும்படி நேற்று விட்டுவிட்டு வந்திருந்தேன், காலை 11:48-க்கு மாட்டியாயிற்று என்று செய்தி வந்திருக்கிறது. ரெங்கன் சார் கழற்றியதும் அதற்கு அடுத்து ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

விசாரணை மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஓர் அம்மா, கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். ஒரு பக்கம் ரெங்கன் சார். எதிரே மரியசூசை அண்ணன், சட்டையின் கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டு. சுவரோரம் பால்சாமி.

முதல் கேள்விக்கு ஆம் என்றேன். இரண்டாவதற்கு அண்ணன் பெயரைச் சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்குள் பால்சாமி எழுந்துவிட்டார்.

"அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். யார் அழிச்சா, எதுக்கு அழிச்சா, எனக்கு வேணாம். எம் மக பேசுனாளா, பேசலையா? இங்க உள்ளவுக யாராவது அத மட்டும் சொல்லுங்க."

"நீங்க உக்காருங்க. அது பதிவுல இருந்தாத்தான தெரியும்" என்றார் ரெங்கன் சார்.

"பேசுனாங்க" என்றேன்.

என் குரல் சத்தமாக வந்துவிட்டது. ரெங்கன் சார், "தமயந்தி, யோசிச்சுப் பேசுங்க" என்றார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். ஜூன் 12 அன்று மரியசூசை அண்ணன் சாப்பிடப் போனபிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தது நான். என் லாகினுக்குக் கோடு நம்பர் வரத் தாமதமானது, அவர் ஸ்க்ரீன் திறந்து கிடந்தது. இடத்துக்காக ஏப்ரல் டிஸ்க்கைக் கழற்ற முடிவு செய்தேன். கழற்றும் முன் வழக்கப்படி நீளமான ஃபைல் ஒன்றைத் திறந்தேன். ஒரு நிமிடம் கேட்டால் போதும். என்னால் நிறுத்த முடியவில்லை. பதினொரு நிமிடமும் கேட்டேன். கடைசியில் கழற்று என்ற பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய் பாத்ரூமில் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். குறி போடவில்லை என்பது எனக்கு ஆகஸ்டில்தான் நினைவுக்கு வந்தது. அவர் பெயர் லாக்கில் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எதையும் அழிக்கவில்லை. இதைச் சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

மரியசூசை அண்ணன் தன் முன்னால் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "குடிச்சிட்டுச் சொல்லும்மா. அவரு காத்துக்கிட்டிருக்காரு" என்றார்.

பால்சாமி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"எடுத்த ஒடனே, 'அண்ணே, பாம்பு கடிச்சிருச்சு, கணுக்காலுக்கு மேல'ன்னு சொன்னாங்க. ஊர் பேரு, தோட்டம், பம்புசெட்டுக்குக் கெழக்கன்னு எல்லாம் தெளிவாச் சொன்னாங்க. லைன்ல இருங்கம்மான்னு சொல்லிட்டு அங்க மியூசிக்கப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் திரும்பி வரல. அவங்க லைன்லதான் இருந்தாங்க. மியூசிக்குக்கிட்டயே பேசிக்கிட்டிருந்தாங்க. 'நான் லைன்லதான் இருக்கேன்'னு ஒம்போது தடவ சொன்னாங்க. துண்ட வச்சுக் கட்டியிருக்கேன்னாங்க. காலு மரத்துப்போச்சுன்னாங்க. எங்கப்பா சந்தைக்குப் போயிருக்காரு, வந்தா பயந்துருவாரு, பாம்புன்னு சொல்லாதீங்க, முள்ளு குத்திருச்சுன்னு சொல்லுங்கன்னாங்க."

அவர் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கடைசியில குரல் சின்னதாயிருச்சு. 'மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு, தண்ணி வீணாப் போகுது, யாராவது வந்தா அமத்தச் சொல்லுங்க'ன்னாங்க. அதுக்கு மேல பேசல."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ஆமா" என்றார் பால்சாமி. "ஓடிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. பாத்தியெல்லாம் ரொம்பி வரப்பு ஒடஞ்சு கெடந்துச்சு. நான்தான் அமத்துனேன். எதுக்கு ஓடவிட்டான்னு அன்னிக்கு எம் மகள வஞ்சுக்கிட்டே போனேன்."

ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்லருந்து இன்னொருக்கச் சொல்லுங்க தாயி" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.